மருந்தளவு

முதன்முதலாக அந்த அக்கா தன் பொழுதுபோக்கைப் பற்றிச் சொன்னபோது, உப்புமாவைப் பற்றிப் பேசுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

தெற்கு லண்டனில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். திருச்சியிலிருந்து வந்த எனக்கு அங்கே தமிழில் பேச, மூத்த மருந்தாளரான அந்த அக்கா கிடைத்ததே பெரிய விஷயம். இடைவேளையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "லீவு நாள்ல என்ன பண்ணுவீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"நான் ரவையளைப் பற்றி ஆராயிறனான்," என்றார்.

"ரவையில ஆராய என்னக்கா இருக்கு? நெய் விட்டு வறுத்தா ஆச்சு."

 அவர் தேநீர் மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தார். இருமி முடித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அந்த ரவை இல்லைப் பிள்ளை. துவக்கு ரவை. சுடுறது," என்றார்.

யாழ்ப்பாணத்துக்காரர்கள் துப்பாக்கியைத் துவக்கு என்பார்கள், தோட்டாவை ரவை என்பார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் என்ன, நம்ப முடியவில்லை. ஐம்பதைத் தாண்டிய வயது. என் தோள் உயரம். இறுக்கிப் பின்னிய ஒற்றைப் பின்னல், வெள்ளைக் கோட்டுக்குள் எந்தக் காலத்திலும் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, பையில் ஒரு சிறிய ஸ்கேல். இவருக்கும் தோட்டாவுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் புரிய வேண்டுமானால் அவருடைய வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பலமுறை வரும் கேள்வியைத் தெரிந்துகொள்ள வேண்டும். "ஆர் சொன்னது?" யார் எதைச் சொன்னாலும், அதிலும் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால், அக்காவின் கேள்வி அதுதான். வார்டிலிருந்து இளம் டாக்டர் ஒருவர் போன் செய்து இந்த மருந்தை இத்தனை மில்லிகிராம் அனுப்புங்கள் என்பார். "யார் சொன்னது, டாக்டர்?" என்று அக்கா இங்கிலீஷில் ரொம்ப மென்மையாகக் கேட்பார். "எப்போதும் அப்படித்தான் கொடுக்கிறோம்" என்று பதில் வந்தால் தீர்ந்தது. அந்த எப்போதும் எங்கே தொடங்கியது, எந்தக் கையேட்டில், எந்தப் பதிப்பில் என்று அக்கா தேடித் தீர்க்கும்வரை பாட்டில் அலமாரியை விட்டு இறங்காது. டாக்டர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஆனால் சிக்கலான நோயாளி வந்தால் அவரைத்தான் தேடிக் கூப்பிடுவார்கள்.

வெளியிலும் அதே கதைதான். ஒருமுறை என்னை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார். பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். எதிரே இருந்த பெரியவர், பாவற்காய்ச் சாறு குடித்தால் சீனி வியாதி அடியோடு போய்விடும் என்றார்.

"ஆர் அண்ணை சொன்னது?"

"என்ரை மச்சான் சொன்னவர்."

"அவருக்கு ஆர் சொன்னது? நம்பர் இருக்கே?"

பெரியவர் பெருமையாகவே மச்சானுக்கு போன் போட்டுக் கொடுத்தார். மச்சான் தன் அலுவலக நண்பரைச் சொன்னார். நண்பர் தான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரரைச் சொன்னார். பாயசம் வரும்போது அக்கா அந்த வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். "ஓம்... ஓம்... அவர் ஆர்? எங்கை சந்திச்சனீங்கள்? கோயிலிலையே?" என்றவர் போனைக் காதிலிருந்து எடுத்து, எதிரே இருந்த பெரியவரை ஒரு பார்வை பார்த்தார். "அண்ணை, அவருக்குச் சொன்னது நீங்களாம்."

வரிசை முழுவதும் சிரித்தது. பெரியவரும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்காமல், மாத்திரையை நிறுத்திவிடவில்லையே என்று அவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

தோட்டா விஷயமும் ஒரு சாப்பாட்டில்தான் தொடங்கியதாம். வெம்பிளியில் அவருடைய தமக்கை வீடு. தமக்கையின் கணவரை அத்தான் என்று கூப்பிடுவார். பேரனின் பிறந்தநாள் விருந்தில் அத்தான் ஒரு கதை சொன்னார். அவருடைய தகப்பனார் வன்னிக் காட்டில் ஒரு யானையை ரிவால்வரால் சுட்டு வீழ்த்தினாராம். அதுவும் கடையில் வாங்கிய தோட்டா இல்லை, வீட்டில் தானே செய்தது. அதற்கு ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பெயர்கூட உண்டாம்.

எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்க, அக்கா மட்டும், "அதுக்கை எவ்வளவு மருந்து போட்டவர் அத்தான்?" என்றார்.

அத்தானுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்லிவிட்டார். அக்கா அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு தோர்ண்டன் ஹீத்தில் இருந்த தன் வீட்டுக்கு ரயிலேறினார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார்.

மாட்டிக்கொண்ட உலகம் இதுதான். தொழிற்சாலையில் செய்யாத தோட்டாக்கள் என்று ஒரு வகை உண்டு. யாரோ ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, ஒரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தை நெருக்கியோ நீளத்தைக் குறைத்தோ வேறு அளவுக் குண்டு ஒன்றைப் பொருத்துவார். அதற்கேற்பத் தன் ரிவால்வரையும் கடைந்து மாற்றிக்கொள்வார். உலகத்தில் அவரிடமும் அவருடைய சில நண்பர்களிடமும் மட்டும் அந்தத் தோட்டா இருக்கும். அமெரிக்கர்கள் இவற்றை வைல்ட்கேட் என்கிறார்கள். அக்கா காட்டுப்பூனை என்பார். எந்த வெடிமருந்தை எவ்வளவு போட்டால் குண்டு பாயும், எவ்வளவு போட்டால் ரிவால்வரே கையில் வெடிக்கும் என்பதை அந்த மனிதர்களே சோதித்துப் பார்த்து, யாரும் படிக்காத சின்னப் பத்திரிகைகளில் அட்டவணை போட்டு எழுதியிருப்பார்கள். அந்த அளவுக்கு அக்கா வைத்த பெயர் மருந்தளவு.

"அங்கையும் மருந்து, இஞ்சையும் மருந்து," என்பார். "கூடிப்போச்செண்டால் ரெண்டிலையும் ஆள் முடிஞ்சுது."

இந்த நாட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்க யாரையும் விடமாட்டார்கள். அக்காவுக்கு அதில் குறையே இல்லை. அவர் வீட்டில் ஒரு வெற்றுக் கூடுகூடக் கிடையாது. இருந்ததெல்லாம் பழைய பத்திரிகைகள்தான். படிக்கட்டின் ஒவ்வொரு படியிலும் ஓரமாக ஓர் அடுக்கு. மாடிக்கு ஏறுபவர்கள் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் ஏற வேண்டும்.

காட்டுப்பூனை என்ற பெயரால் ஒரு கூத்தும் நடந்தது. பக்கத்து வீட்டில் மன்னார்க்கார அம்மா ஒருவர், நல்ல கத்தோலிக்கர். அக்கா தோட்டத்தில் நின்று போனில், "ஒரு காட்டுப்பூனையைத் தேடித் திரியிறன், கனகாலமாக் கிடைக்குதில்லை," என்று யாரிடமோ சொன்னதை அவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தவர் கையில் ஒரு கூடை. கூடைக்குள் ஒரு பெரிய செம்மஞ்சள் பூனை.

"தங்கச்சி, அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி மன்றாடினனான். வெளியிலை வாறன், கோயில் வாசலிலையே நிக்குது!"

தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோனியார் என்று நம்பும் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்ல அக்காவுக்கு மனம் வரவில்லை. பூனையின் சொந்தக்காரர் அதே தெருவில்தான் இருந்தார். கண்டுபிடித்துக் கொடுப்பதற்குள் அது அக்கா வீட்டு மீன் குழம்புக்குப் பழகிவிட்டது. அதன் பிறகு தினமும் வரும். அக்கா காய்கறி மட்டும் சமைக்கும் செவ்வாய், வெள்ளிகளில் எட்டிப் பார்க்காது. "உதுக்குக் கலண்டர் தெரியும்," என்பார் அக்கா.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நகரத்துக்கு வெளியே ஒரு தேவாலய மண்டபத்தில் தோட்டா ஆராய்ச்சிக்காரர்கள் கூடுவார்கள். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். நடுவில் அக்கா ஒருவர்தான் பெண், ஒருவர்தான் தமிழர். ஒரு தடவை நானும் போனேன். தூக்குச்சட்டி நிறையக் கடலை வடையோடு அக்கா உள்ளே நுழைந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். மரியாதை யாருக்கு, வடைக்கா அக்காவுக்கா என்று நான் கேட்டதற்கு, "வடைக்குத்தான். என்னைக் கண்டால் அவையளுக்குப் பயம்," என்றார். உண்மைதான். அங்கே ஒருவர் ஓர் அளவைச் சொல்லத் தொடங்கிவிட்டு, அக்காவைப் பார்த்ததும் நிறுத்தி, "எங்கே படித்தேன் என்று நினைவில்லை, அதனால் சொல்லவில்லை" என்று வடையை எடுத்துக்கொண்டதை நானே பார்த்தேன்.

ஆனால் அக்காவால் சத்தத்தைத் தாங்க முடியாது. நவம்பர் தொடக்கத்தில் லண்டன் முழுவதும் வாணவேடிக்கை நடக்கும். அந்த நாட்களில் அவர் தானாகவே மாலை ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நிலத்தடியில் இருக்கும் மருந்துக் கிடங்கில் வேலை செய்வார். அங்கே எதுவும் கேட்காது. ஒரு வருடம் நானும் கூட இருந்தேன். கேட்டுவிட்டேன்.

"இவ்வளவு பயப்படுறீங்களே, அப்புறம் எதுக்குக்கா இதையே போய்ப் படிக்கிறீங்க?"

அவர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே பதில் சொன்னார். "கடதாசியிலை சத்தம் இல்லைப் பிள்ளை." பெட்டி ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டு, "ஊரிலை சண்டை நேரம் பங்கர்க் குழிக்கை இருக்கேக்கை, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆராவது ஒரு ஆள் சொல்லும், இது இன்னது, இவ்வளவு தூரத்திலை, இனி வராது எண்டு. ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. சும்மா சொல்லுறது. நாங்கள் அதை நம்பி வெளியிலை வருவம். அந்தச் சாமானைப் பிரிச்சு உள்ளுக்கை என்ன, எவ்வளவு எண்டு வடிவாப் பார்த்தால், பயம் கொஞ்சம் குறையுது," என்றார். பிறகு, "அந்தப் பெட்டியைத் தாரும்," என்று கையை நீட்டினார். 

அத்தானின் யானைக்கு என்ன ஆயிற்று என்றால், பல மாதத் தேடலுக்குப் பிறகு அக்கா வெம்பிளிக்குப் போய், நீங்கள் சொன்ன அளவுக்கு அந்த ரிவால்வர் வெடித்திருக்கும், உங்கள் தகப்பனார் செத்திருப்பார், நீங்கள் பிறந்தே இருக்கமாட்டீர்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். தமக்கை கொஞ்ச காலம் பேசவில்லை. கடைசியில் அத்தானே போன் செய்தார். "யானை விழேல்லை. சத்தத்துக்குத் திரும்பிப் போச்சுது." அக்காவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "அதை நம்பலாம் அத்தான்! அதைச் சொல்லுங்கோ, அதுவே நல்ல கதை."

இனி ஓர் அமெரிக்கரின் கதை.

ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், மலைப்பிரதேசம் ஒன்றில் மகனோடு இருந்தார். தகப்பனார் விட்டுப்போன ரிவால்வர் ஒன்று அவரிடம் இருந்தது. காட்டுப்பூனைத் தோட்டா போடுவது. தோட்டா ஆர்வலர்கள் கூடும் இணையதளம் ஒன்றில் அவர் மகிழ்ச்சியாக எழுதியிருந்தார். பித்தளைக் கூடுகள் தயார், குண்டுகள் தயார், காட்டுப்பூனைகளின் அளவுகளைத் திரட்டிப் போட்ட, எல்லோரிடமும் இருக்கும் தொகுப்புப் புத்தகத்தில் மருந்தளவும் கிடைத்துவிட்டது, வரும் சனிக்கிழமை மகன் சுடப் போகிறான். அளவையும் கீழே கொடுத்திருந்தார்.

அக்கா அதை மதிய இடைவேளையில் படித்தார். சோற்றுப் பெட்டியை மூடிவிட்டார். "உந்த நம்பர் எனக்குப் பிடிக்கேல்லை," என்றார். கொஞ்சம் பொறுங்கள், இந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்துச் சொல்கிறேன் என்று அங்கேயே அவருக்கு எழுதிப் போட்டார். உடனே கேலி தொடங்கியது. லண்டனில் ரிவால்வரைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது, இந்த அம்மாவுக்கு என்ன தெரியும் என்று ஒருவர். அந்த ரயில்வேக்காரரே எரிச்சலோடு எழுதினார்: பல வருடமாக எல்லோரும் வைத்திருக்கும் புத்தகம் இது. நீங்கள் யார்?

எனக்குக் கோபம் வந்தது. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாரும், நல்ல மனுசன். கேக்க வேண்டியதைக் கேக்கிறார்."

தொகுப்புப் புத்தகம் அந்த அளவை ஒரு பத்திரிகையிலிருந்து எடுத்திருந்தது. அந்தப் பத்திரிகை அக்கா வீட்டுப் படிக்கட்டில் இருந்தது. அது இன்னொரு பழைய பத்திரிகையைக் கைகாட்டியது, எப்போதோ நின்றுபோன சின்ன இதழ். அதன் பிரதி நடு லண்டனில் உள்ள பெரிய நூலகத்தில் இருந்தது. அதை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு புறப்பட, நானும் கூடப் போனேன். எனக்கு அன்று வேலை இல்லை. அவர் தனியாகப் போவதை நினைக்க ஒரு மாதிரி இருந்தது.

வாசிப்பறையில் யாரும் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. பழுப்பேறிய இதழ் வந்தது. அக்கா அட்டவணையைக் கண்டுபிடித்து, பையிலிருந்த ஸ்கேலை எடுத்து வரிக்குக் கீழே வைத்தார். மருந்தகத்தில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் படிப்போம். ஸ்கேலை ஒரு வரி இறக்கினார். மறுபடி ஏற்றினார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். 

"வரி ஏறிப்போச்சுது," என்று என் காதோடு சொன்னார்.

மூலத்தில் பல வெடிமருந்துகளின் பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன, எதிரே ஒவ்வொன்றின் அளவு. அடுத்த பத்திரிகைக்காரர் நகலெடுத்தபோது ஓர் எண்ணைத் தவறவிட்டிருக்கிறார். அதற்குக் கீழிருந்த எண்கள் எல்லாம் ஒரு படி மேலே ஏறிவிட்டன. மெதுவாக எரியும் மருந்துக்கு உரிய பெரிய அளவு, வேகமாக எரியும் மருந்தின் பெயருக்கு நேரே போய் உட்கார்ந்திருந்தது. அதையே தொகுப்புப் புத்தகம் எடுத்துப் போட்டது. அந்த அளவை நம்பி இதுவரை யாரும் சுடாததால் யாருக்கும் அடிபடவில்லை. நாளை ஒருவன் சுடப் போகிறான்.

அக்கா ஸ்கேலோடு சேர்த்து அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தார். படிக்கட்டுப் பத்திரிகையின் பக்கத்தையும், தொகுப்புப் புத்தகத்தின் பக்கத்தையும் சேர்த்து, நூலக வாசலில் நின்றபடியே அவருக்கு அனுப்பினார். 'நான் ஒரு மருந்தாளர். இந்தத் தவறு எங்கள் வேலையிலும் நடக்கும். தயவுசெய்து உங்கள் கண்ணாலேயே பாருங்கள்' என்று எழுதி, கீழே தன் போன் நம்பரையும் போட்டார்.

பதில் இல்லை. சனிக்கிழமை போனது. ஞாயிறும் போனது. திங்கட்கிழமை அக்கா ஒவ்வொரு மருந்துச் சீட்டையும் வழக்கத்தைவிட அதிகமாகச் சரிபார்த்தார். சாப்பிடவில்லை.

"கோபத்துல பதில் போடாம இருப்பாருக்கா," என்றேன்.

"கோபமெண்டால் நல்லது பிள்ளை. கோபப்பட ஆள் இருக்கோணும்."

அடுத்த நாள் மாலை அவருடைய போன் அடித்தது. நீளமான வெளிநாட்டு நம்பர். அக்கா எடுத்தார். அந்தக் குரல் அவ்வளவு கனமாக இருந்தது, பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"அம்மா, சனிக்கிழமை காலை உங்கள் செய்தியைப் பார்த்தபோது தோட்டாக்கள் எல்லாம் நிரப்பித் தயாராக இருந்தன. மகன் காரை எடுத்துவிட்டான். நான்தான் நிறுத்தினேன். நிறுத்திவிட்டு உங்கள் மேல் கோபமாக இருந்தேன், அது என் அப்பா வைத்திருந்த புத்தகம் என்பதால். நேற்று இரவுச் சாப்பாட்டில் மகன் எதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அவன் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து போய் உங்கள் மூன்று பக்கங்களையும் வரி வரியாகப் படித்தேன். இன்று காலை எல்லாத் தோட்டாக்களையும் பிரித்துக் கொட்டிவிட்டோம்."

  அக்கா, நோயாளிகளிடம் பேசும் அதே குரலில், "நல்லது. மருந்தைத் தொட்ட பிறகு கைகளைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினீர்களா?" என்றார்.

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. இந்தப் பக்கம் அக்கா போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "பிள்ளை, ஒரு தேத்தண்ணி போடும். சீனி கூடப் போடும்," என்றார். சீனி அளவு யார் சொன்னது என்று கேட்க நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி அவர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, பேசாமல் போய்த் தேநீர் போட்டேன்.

அப்பாவும் மகனும் சும்மா இருக்கவில்லை. புத்தகம் போட்டவர்களுக்கு அந்தப் பக்கங்களை அனுப்பி, திருத்தும்வரை விடவில்லை. அடுத்த வருடம் புதிய பதிப்பு மருத்துவமனை முகவரிக்கே பார்சலில் வந்தது. மேசையில் வைத்துப் பிரித்தோம். அக்கா நேரே அட்டவணைக்குப் போய், ஸ்கேலை வைத்து வரி வரியாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கீழே பொடி எழுத்தில் ஒரு நன்றிக் குறிப்பு. இந்தப் பிழையைச் சுட்டிக்காட்டிய லண்டன் மருந்தாளருக்கு நன்றி என்று போட்டு, அக்காவின் பெயர்.

பெயரா அது? அவருடைய நீளமான யாழ்ப்பாணத்துப் பெயரை நடுவில் வெட்டி, பாதியைத் தொலைத்து, மீதியில் எழுத்துகளை இடம் மாற்றியிருந்தார்கள். போதாததற்கு முன்னால் மிஸ்டர் என்று வேறு போட்டிருந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, இப்பவே எழுதுங்க! உங்களை ஆம்பளையாவே ஆக்கிட்டாங்க! அடுத்த பதிப்புல மாத்தச் சொல்லுங்க!"

அக்கா அந்தப் பெயரைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய் ஒருமுறை வாசித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். ஸ்கேலை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"விடும் பிள்ளை. அதாலை ஒருத்தரின்ரை விரலும் போகாது."